குத்திப் பார்த்த பளிங்கு

ஒரு பொருள் மெய்யானதுதானா என்று அறிவதற்காக அதை உடைத்தே பார்த்துவிடுகிற புத்தி எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. சின்ன வயதில் அம்மாவின் மேசைக் கடிகாரத்தை அப்படித்தான் முடித்து வைத்தேன். கடிகாரமாவது கடையில் கிடைக்கும். ஐப்பசி பிறக்கச் சில நாட்கள் இருந்த ஒரு காலையில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நான் ஊசியால் குத்தி நொறுக்கிய பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. அன்றைக்கு உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அது ஒரு பளிங்கு. நண்டு இரத்தத்தின் பளிங்கு. இதைச் சொன்னால் நாவற்குடாவில் என் அயலவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மட்டக்களப்பு வாவியை நாங்கள் பேச்சில் ஆறு என்போம். அந்த ஆற்றுச் சேற்றில் கிடக்கும் பெரிய நண்டின் உடம்பில் ஓடுவது சிவப்பு இரத்தம் அல்ல. ஊசிக்குழாயில் எடுக்கும்போது கழுநீர் மாதிரி இருக்கும். காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் நீலமாகிவிடும். நமது இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு. நண்டுக்கு அந்த வேலையைச் செய்வது செம்பு. அந்தச் செம்பைத் தன் மடிப்புக்குள் பிடித்து வைத்திருக்கிற புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கான ஆராய்ச்சி.

புரதம் ஒரு நீளமான சங்கிலி. சங்கிலியாகவே கிடந்தால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. சுருண்டு, மடிந்து, திரும்பி, தனக்கென்று ஒரு உருவத்துக்கு வந்த பிறகுதான் அது வேலை செய்யும். ஒவ்வொரு புரதத்துக்கும் ஒவ்வொரு உருவம். ஒன்று பை மாதிரி, ஒன்று கவட்டை மாதிரி, ஒன்று நடுவில் ஓட்டை விழுந்த வடை மாதிரி. உருவம் தெரிந்தால் அது எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிடும். ஆனால் எங்களிடம் இருந்த எந்த நுணுக்குக்காட்டியாலும் அதைப் பார்க்க முடியாது. அவ்வளவு சின்னது.

அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கோடிக்கணக்கான மூலக்கூறுகளைப் பாடசாலைக் காலைக் கூட்டத்துப் பிள்ளைகள் போல வரிசையில் நிறுத்த வேண்டும். எல்லோரும் ஒரே உயரம், ஒரே திசை, ஒரே நிலை. அப்படி நின்றால் அது பளிங்கு. அந்தப் பளிங்குக்குள் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அது சிதறிப் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளிலிருந்து கணக்குப் போட்டு உருவத்தை மீட்டு எடுக்கலாம். பிரச்சினை என்னவென்றால் புரதங்கள் சொல் கேட்டு வரிசையில் நிற்பதில்லை. மூன்றரை வருடமாக எனக்கு அவை நிற்கவில்லை.

நான்கு வருடத்துக்கு மேல் பதிவு செல்லாது. ஏற்கனவே ஒரு முறை நீட்டித்தாகிவிட்டது. பங்குனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்கு முன் ஒரு முடிவைக் கையில் வைத்திருக்காவிட்டால் பட்டமும் இல்லை, அதை நம்பி எனக்குத் தந்திருந்த தற்காலிக வேலையும் இல்லை. என் மேற்பார்வையாளரான பேராசிரியர் இதை என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லி ஆறியிருப்பேன். அவர் பாவம் பார்த்துச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அன்று காலை, இருபத்துநான்கு குழி கொண்ட தட்டை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, வழமை போல ஒவ்வொரு குழியாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் அடிப்பக்கத்தில் தொங்குகிற ஒரு துளி. அந்தத் துளிக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். ஐந்து கிழமைக்கு முன் வைத்த துளிகள் அவை. பதினேழாவது துளியில் கூரான முனைகளோடு, நேர் விளிம்புகளோடு ஒன்று கிடந்தது.

"நானா! இஞ்ச ஓடி வாங்க!" என்று கத்தினேன்.

நானா எங்கள் ஆய்வுகூடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர். ஏறாவூர்க்காரர். என் வயதுதான், இரண்டு மூன்று மாதம் மூப்பு. அந்த இரண்டு மூன்று மாதத்துக்காக நான் அண்ணன் முறை வைத்து நானா என்கிறேன், அவர் மிஸ் என்கிறார். அவர் ஓடி வரவில்லை. இப்படி நான் கத்துவது அது முதல் தடவை அல்ல.

"உப்புதான் மிஸ்" என்றார், கண்ணை வைக்கும் முன்னமே.

"முதல்ல பாருங்க நானா."

"என்னத்துக்குப் பாக்க? போன மாசம் வைரம் மாதிரி ஒண்டு காட்டினீங்க. உப்பு. அதுக்கு முதல் மாசம் நட்சத்திரம். அதுவும் உப்பு."

அவர் சொன்னது நியாயம். துளிக்குள் நாங்கள் சேர்க்கும் உப்புகளும் பளிங்காகும், புரதத்தை விட அழகாக ஆகும். இரண்டையும் பிரித்தறிய ஒரு பழைய வழி இருக்கிறது. உப்புப் பளிங்கு கல் மாதிரி. ஊசி முனையால் அழுத்தினால் 'டிக்' என்று தெறிக்கும். புரதப் பளிங்கில் பாதி தண்ணீர். அழுத்தினால் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும். எனக்கு நானாவின் முகத்தில் இருந்த அந்தச் சிரிப்பைத் துடைக்க வேண்டும். வேறொன்றும் மண்டைக்குள் இல்லை. ஊசியை எடுத்தேன், அழுத்தினேன். அது சத்தமில்லாமல் உதிர்ந்தது.

"உப்பில்ல!" நான் கதிரையை விட்டு எழும்பிக் குதித்தேன். "நானா, உப்பில்ல! புரதம்! நம்மட நண்டு!"

நானா இப்போது ஓடி வந்தார். கண்ணை வைத்தார். குமிழைத் திருகினார். திரும்பவும் திருகினார்.

"அப்ப அது எங்க மிஸ்?"

"எது?"

"அந்தப் பளிங்கு."

அந்தத் தட்டில் வேறு எந்தத் துளியிலும் ஒன்றும் இல்லை. நான் குதித்த இடத்திலேயே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். நானா நுணுக்குக்காட்டியின் விளக்கை அணைத்தார். பிறகு, வேண்டாவெறுப்பாக, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாமல் சொன்னார்.

"நண்டு இரத்தம் நீலம்தானே மிஸ். வெள்ளக் கடதாசி ஒண்ட அடியில வெச்சிருந்தா நிறமே சொல்லியிருக்கும். உப்பு நீலமா வராதே."

மெய்தான். எங்கள் நுணுக்குக்காட்டியின் பழைய மஞ்சள் விளக்கில் அந்த நீலம் தெரியவில்லை. ஒரு கடதாசித் துண்டு போதுமாயிருந்தது. அன்று முழுவதும் நான் யாருடனும் பேசவில்லை, முக்கியமாக என்னோடு.

ஒரு தடவை வந்தது இரண்டாம் தடவையும் வரும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். சேமித்து வைத்திருந்த இரத்தம் தீர்ந்துவிட்டதால் புது நண்டு வாங்கினேன். நாவற்குடாச் சந்தியில் சைக்கிளில் பெட்டி கட்டி நண்டு விற்கிற அண்ணனிடம் கிழமைக்குப் பத்து நண்டு. ஐஸில் வைத்து அவற்றை மயக்கி, பின்னங்கால் மூட்டில் ஊசி போட்டு இரத்தம் எடுப்போம். பத்து நண்டின் இரத்தத்தையும் ஒரே குடுவையில் கலந்து, சுத்தம் செய்து, துளி வைப்போம். நானா வீட்டில் நண்டு சமைப்பதில்லை. ஆகவே பத்து நண்டும் என் வீட்டுக்குத்தான் வரும். இரத்தம் ஆராய்ச்சிக்கு, மிச்சம் சட்டிக்கு. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கும் என் கணவர் முதல் மாதம் சந்தோஷமாகத் தின்றார். இரண்டாம் மாதம் கடமைக்குத் தின்றார்.

பளிங்கு வரவில்லை. ஐப்பசி தூறலும் மழையுமாகப் போனது. கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு ஊற்றியது. ஆறு நிரம்பி எங்கள் வளவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. பிறகு முகத்துவாரத்தில் ஆற்றுவாயை வெட்டிவிட்டார்கள் என்று அயலில் சொன்னார்கள். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் சேர்ந்து கிடக்கும் மணல் திட்டை வெட்டி விட்டால் வெள்ளம் கடலுக்குள் ஓடிவிடும். வருடா வருடம் கேட்கிற செய்தி. இனி வளவு காயும் என்று நான் சந்தோஷப்பட்டேன். நண்டைப் பற்றி நினைக்கவே இல்லை.

துளிகளில் வந்ததெல்லாம் வெறும் களி. சில வேளை மழைக்கால மேகம் மாதிரிக் கலங்கல். சில வேளை அதுவும் இல்லை. நான் உப்பை மாற்றினேன், புளிப்பை மாற்றினேன், வெப்பநிலையை மாற்றினேன். கரண்ட் போகும்போதெல்லாம் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்கு நானா ஒரு வழி கண்டுபிடித்தார். மீனுக்கு ஐஸ் போடுகிற பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, அதற்குள் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி, நடுவில் தட்டுகளை வைத்தார். கரண்ட் போனாலும் வந்தாலும் அதற்குள் சூடு ஒரே மாதிரி இருந்தது. பெட்டி சரி, துளி சரியில்லை. மார்கழியில் ஒரு நாள் நானாவை, குடுவை சரியாகக் கழுவவில்லை என்று எல்லோர் முன்னிலும் ஏசிவிட்டேன். அவர் அந்தக் குடுவையை எடுத்துப் போய் மறுபடி கழுவிக் கொண்டுவந்து வைத்தார். அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மிஸ், பளிங்குக்கு வந்த கோவம் எனக்கு வந்து விழுந்திச்சு" என்றார்.

அந்த நேரத்தில்தான் என் பள்ளித் தோழி வெளிநாட்டிலிருந்து அழைத்தாள். அவளும் புரத ஆராய்ச்சிக்காரிதான். அவள் வேலை செய்கிற நாட்டில் பெரிய எக்ஸ் கதிர் நிலையம் இருக்கிறது. ஒரு வட்டமான கட்டடம், எங்கள் மைதானத்தை விடப் பெரியது என்பாள். அங்கே நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

"மாசியில ஒரு நாள் எங்கட குழுவுக்குத் தந்திருக்காங்க. அதில உனக்கு நாலு மணித்தியாலம் தாறன்" என்றாள். "தங்கச்சிட கலியாணத்துக்குத் தை முடிய கொழும்புக்கு வாறன். கையோட பளிங்கக் கொண்டு போறன். இருக்குத்தானே?"

"இருக்கு" என்றேன். பொய். பொய் சொன்ன வாயை வைத்துக்கொண்டு அதன் பிறகு எப்படித் தூங்குவது? அவள் தருவது வேறு யாருக்கோ போக வேண்டிய நேரம். தை முடிய இன்னும் ஐந்து கிழமை.

அடுத்து வந்த ஞாயிறு மத்தியானம். நண்டுக் குழம்பு. முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் விட்டு நான் வைத்தது. கணவர் ஒரு காலை உடைத்து உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது சப்பெண்டு கிடக்கு."

"உப்புப் போட்டுத் தின்னுங்க."

"உப்பில்ல. அந்த இனிப்பு இல்ல. இப்ப இதுக்கு முதல் திண்ட நண்டு நல்லாத்தானே இருந்திச்சு."

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். மூன்று மாதமாக நான் அவிந்துகொண்டிருக்கிறேன், இவருக்கு நண்டின் இனிப்புப் போதவில்லை. "ஒரே சட்டி, ஒரே உப்பு, ஒரே புளி! அது எப்படி ஒண்டு நல்லாயிருக்கும், ஒண்டு சப்பெண்டு இருக்கும்? வாயில ஏதும் வருத்தமா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

கத்திக்கொண்டிருக்கும்போதே என் வாய் தானாக மூடிக்கொண்டது. ஒரே சட்டி. ஒரே உப்பு. ஆனால் ஒரு நண்டு இனிக்கிறது, மற்றது இனிக்கவில்லை. நான் அவருடைய சோற்றுக் கோப்பையிலிருந்து இரண்டையும் எடுத்துக் கடித்துப் பார்த்தேன். மெய். ஒன்று கடல் நண்டு போலத் தித்தித்தது. மற்றது தண்ணீரில் அவித்த பஞ்சு மாதிரி இருந்தது.

உப்புத் தண்ணீரில் வாழ்கிற நண்டின் தசையில் இனிப்பான சின்னச் சின்ன மூலக்கூறுகள் நிறைய இருக்கும். நல்ல தண்ணீருக்குப் போனால் அவை குறைந்துவிடும். தசை மட்டுமா? தண்ணீரின் உப்பு மாறினால் இரத்தப் புரதத்தையும் நண்டு மாற்றிக் கட்டும். அந்தப் புரதம் ஆறு துண்டுகள் சேர்ந்த ஒரு உரு. எந்தத் துண்டு எத்தனை என்பதைத் தண்ணீருக்குத் தக்கபடி அது மாற்றிக்கொள்ளும். இதை நான் வாசித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆற்றுவாய் வெட்டினால் முகத்துவாரப் பக்கம் கடல் தண்ணீர் ஏறும், மேல்பக்கம் மழைத் தண்ணீரே கிடக்கும் என்பதும் இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்து வைக்காமல் இருந்திருக்கிறேன்!

கையைக் கழுவாமலே நானாவுக்கு அழைத்தேன்.

"நானா, நாம ரெண்டு மாதிரி இரத்தத்தக் கலந்துட்டம்!"

மறுபக்கத்தில் ஏதோ விழுந்து உருளும் சத்தம். "மிஸ், ஆருக்கு என்ன? ஆஸ்பத்திரிக்கு வரணுமா?"

விளக்கி முடித்ததும் அவரும் கத்தினார். வீட்டில் யாரோ என்ன என்ன என்று கேட்பதும், "ஒண்டுமில்ல, நண்டு, நண்டு" என்று அவர் சொல்வதும் கேட்டது.

அடுத்த நாள் காலையில் சந்திக்குப் போனேன்.

"என்ன தங்கச்சி, பத்தா?" என்றார் நண்டுக்கார அண்ணன்.

"அண்ணன், இந்த நண்டெல்லாம் எந்தப் பக்கத்து?"

"ரெண்டு தோணிக்காரரிட்ட எடுக்கிறன். ஒருத்தர் முகத்துவாரத்துப் பக்கம் வலை போடுறவர். மத்தவர் மேல, மண்முனைப் பக்கம்."

"முந்தியே சொல்லியிருக்கலாமே!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எப்பயும் பெரிசாப் பாத்துத் தாங்க எண்டுதானே கேப்பீங்க. ரெண்டு பக்கத்திலயும் பெரிசா இருக்கிறதப் பொறுக்கித் தந்தன். எந்தத் தண்ணி எண்டு ஒரு நாளும் கேக்கல்லயே."

உண்மை. கறிக்கு வாங்குகிற மாதிரியே ஆராய்ச்சிக்கும் வாங்கியிருக்கிறேன். சதை இருக்கிறதா, கனமாக இருக்கிறதா, பெரிதா. இது வேறு எந்த ஊர் விஞ்ஞானிக்கும் வந்திருக்காத பிழை. வெளிநாட்டில் அவர்கள் நண்டைத் தொட்டியில் வளர்த்துத் தண்ணீரை அளந்து ஊற்றுவார்கள். நான் சந்தியில் நின்று பேரம் பேசி, நகத்தால் ஓட்டைத் தட்டிப் பார்த்து வாங்கினேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த அண்ணனைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. மழைக்கு முன் ஆறு முழுவதும் ஒரே உப்பாகக் கிடந்தது. அதனால்தான் அந்த முதல் பளிங்கு வந்திருக்கிறது. மழைக்குப் பிறகு நானே இரண்டு உயரப் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிற்க வைத்துவிட்டு, ஏன் கோணலாக நிற்கிறீர்கள் என்று ஏசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்று ஐந்து நண்டு இந்தப் பக்கம், ஐந்து நண்டு அந்தப் பக்கம். கலக்கவே இல்லை. ஒரு நண்டு, ஒரு குழாய், ஒரு இலக்கம். ஒரு நண்டில் எடுக்கும் இரத்தம் கொஞ்சம்தான், சுத்தம் செய்து முடிக்க இன்னும் குறையும். ஆகவே துளியைப் பாதியாக்கினோம். சின்னத் துளி சீக்கிரம் வற்றி முடிவைச் சொல்லும். கண்ணாடித் துண்டைக் கவிழ்த்து வைக்கும்போது நானாவின் கை நடுங்கவே நடுங்காது. என் கை நடுங்கும். அதனால் அவர் கவிழ்த்தார், நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். தட்டுகளைப் பெட்டிக்குள் வைத்து மூடியதும் நானா ஆய்வுகூடத்திலிருந்த ஊசிகள் எல்லாவற்றையும் பொறுக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்ன நானா இது?"

"முற்பாதுகாப்பு" என்றார். "முதல்ல கடதாசி, மறுகாதான் ஊசி."

ஒன்பதாம் நாள் பெட்டியைத் திறந்தோம். மண்முனை நண்டுகளின் துளிகள் எல்லாம் களி. முகத்துவாரத்து முதல் நண்டும் களி. இரண்டாம் நண்டின் துளியை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துக் கண்ணைப் பதித்தேன். ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. எட்டு! நேர் விளிம்பு, கூர் முனை. நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். நானா ஒரு வெள்ளைக் கடதாசியை மெதுவாக அடியில் செருகி, மேசை விளக்கைப் பிடித்தார்.

நீலம். மழை விட்ட பிறகு தெளிகிற வானம் மாதிரி ஒள்ளம், கொஞ்சமே கொஞ்சம், நீலம். எட்டும் நீலம்.

"மாஷா அல்லாஹ்" என்றார் நானா மெல்ல. நான் அழுதேன். வெட்கப்படாமல், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

கொழும்புக்குக் காலை பஸ்ஸில் போனேன். அந்தத் தட்டைச் சின்ன ரெஜிபோம் பெட்டியில் வைத்து, மடியில் இருத்தி, தெருவின் ஒவ்வொரு குழிக்கும் பஸ் சாரதியை மனதுக்குள் திட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "என்ன மகள், மருந்தா?" என்று கேட்டார். "நண்டு இரத்தம்" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கலியாண வீட்டுச் சேலையோடு தோழி வாசலுக்கு ஓடி வந்து பெட்டியையும் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக நான் எடுத்திருந்த அனுமதிக் கடிதத்தையும் வாங்கிக்கொண்டாள். வெளிநாட்டுக்குப் போனதும், எட்டில் ஐந்து தப்பியிருக்கிறது என்று செய்தி அனுப்பினாள். அந்த ஐந்தையும் திரவ நைதரசனில் உறைய வைத்தாள். உறைய வைக்கும்போது இரண்டு வெடித்துவிட்டன. மிச்சம் மூன்று.

மாசியில் அந்த நாள். எங்கள் நேரம் காலை பத்து மணி. ஆய்வுகூடத்தில் மடிகணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் நானாவும் இருந்தோம். அங்கே தோழி செய்வது எல்லாம் இங்கே எங்கள் திரையில் தெரியும். என் கைத்தொலைபேசியின் இணைப்பில் அது ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அழைத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம்.

முதல் பளிங்கு. திரையில் வட்ட வட்டமாகக் கோடுகள்.

"ஐஸ் பிடிச்சிட்டுது புள்ள" என்றது தோழியின் குரல். "இது சரிவராது."

இரண்டாவது. வெறும் திரை, நடுவில் மட்டும் நாலைந்து மங்கல் பொட்டு. நாலு வருடமும் இன்னும் ஒரே ஒரு பளிங்கில் தொங்கிக்கொண்டு நின்றது. அவள் மூன்றாவதை ஏற்றுகிறாள் என்று தெரிந்தும் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"மிஸ்" என்றார் நானா. "மிஸ், கண்ணத் திறங்க."

புள்ளிகள். நடுவிலிருந்து விளிம்பு வரை, ஒழுங்கு ஒழுங்காக, வளைவு வளைவாக, புள்ளிகள்! பளிங்கு கொஞ்சம் திரும்ப இன்னொரு படம், இன்னும் புள்ளிகள். திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. அங்கே தோழி கத்துகிறாள், இங்கே நான் கத்துகிறேன், பக்கத்து அறையில் பரீட்சை நடத்திக்கொண்டிருந்தவர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார். கோடிக்கணக்கான என் நண்டுப் புரதங்கள் கடைசியில் வரிசையில் நின்றிருக்கின்றன. அவை நிற்காவிட்டால் ஒரு புள்ளி கூட வந்திராது.

ஆனால் புள்ளி உருவம் அல்ல. அதிலிருந்து உருவத்தை எடுக்கும் கணக்கு பிழைத்தும் போகலாம். பிழைத்தால் எல்லாம் இருந்தும் ஒன்றும் இல்லை. வேறொரு கடல் உயிரின் தெரிந்த புரத உருவத்தை ஆரம்பமாக வைத்து, தோழி அங்கேயும் நான் இங்கேயுமாக மாறி மாறிக் கணக்குப் போட்டோம். முதல் கிழமை சரிவரவில்லை. இரண்டாம் கிழமை சரிவருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. மூன்றாம் கிழமை எங்கள் இருவருக்கும் சண்டை வந்து இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவள்தான் பிழையைக் கண்டுபிடித்தாள். நான் போட்டிருந்த ஒரு கணக்கில் திசை மாறியிருந்தது.

பங்குனியின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய கோப்பு வந்து சேர்ந்தது. நான்கு மணிக்கு முன் நான் பேராசிரியரின் மேசையில் ஒரு முடிவை வைக்க வேண்டும். "நான் திறந்து பாக்கல்ல. அது உன்ட. நீதான் முதல்ல பாக்கணும்" என்று அவள் எழுதியிருந்தாள்.

நானா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். நான் கோப்பைத் திறந்தேன். கணினி நின்று நின்று யோசித்தது. பிறகு திரையில் வலை வலையாகக் கோடுகள் எழும்பின. சுட்டியைப் பிடித்துத் திருப்பினேன். சுருள்கள்! ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்த சுருள்கள், அவற்றுக்கு நடுவில் மடிப்புகள், மடிப்புகளை இணைத்து வளைந்து போகிற பாதைகள். யாரும் வரைந்து தந்ததல்ல. ஆற்றுச் சேற்றில் கிடந்த ஒரு நண்டின் உடம்புக்குள் எப்படி இருந்ததோ அப்படி.

செம்பு இருக்கிறதா? அதுதான் கேள்வி. நான்கு சுருள்கள் நெருங்குகிற இடத்துக்கு உள்ளே போனேன். சுட்டி கையில் வழுக்கியது. இன்னும் உள்ளே. அங்கே, பக்கத்தில் பக்கத்தில், மற்ற எல்லாவற்றையும் விட அடர்த்தியாக, இரண்டு உருண்டைகள்.

"இதா மிஸ்?"

"இதுதான் நானா. இது செம்பு. இது மத்தது. பாருங்க, மூண்டு பக்கமிருந்து இதப் பிடிச்சிருக்கு. இதயும் மூண்டு பக்கமிருந்து பிடிச்சிருக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவிலதான் ஒட்சிசன் வந்து இருக்கும். அந்த நீலம் இந்த இடத்திலதான் வாறது." திரையை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். "சரி வந்துட்டுது நானா. மெய்யா சரி வந்துட்டுது."

நானா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது.

"மிஸ், நம்மட ஆத்து நண்டிட இந்த இடத்த இதுக்கு முதல் ஆரும் கண்டிருக்காங்களா?"

"இல்ல."

"உங்கட கூட்டாளி?"

"அவ திறக்கல்லயாம்."

"அப்ப இப்ப, இந்த உலகத்தில, நாம ரெண்டு பேர்தான்?"

"ஓம் நானா. நாம ரெண்டு பேர்தான்."

நடைபாதையில் பேராசிரியரின் செருப்புச் சத்தம் கேட்டது. என்ன முடிவு என்று கேட்கத்தான் அவர் வருகிறார். நான் எழும்பினேன். நான் கதவுக்குப் போகும் முன் நானா எழும்பிப் போய் ஆய்வுகூடக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டு வந்து, தன் கதிரையில் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒள்ளம் நிக்கட்டும் மிஸ்" என்றார். "மறுகா எல்லாருக்கும் சொல்லுவம்."